அக்கா வகுத்த வெளியுறவுக் கொள்கை

அன்பும் அச்சமும் சரிபாதியாக நான் வைத்திருக்கும் அக்காவுக்கு,

உலக நாடுகள் அத்தனையையும் நாலு இரும்பு அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் உன் ஒரே தம்பி எழுதிக்கொள்வது. நீ நலமாக இருப்பதை நேற்றுத் தொலைபேசியில் கேட்ட குரலின் பலத்தை வைத்தே தெரிந்துகொண்டேன். அத்தானின் முழங்கால் வலி தேவலையா? நீ என்னோடு பேசும்போதெல்லாம் அவர் அந்த முழங்காலோடு மொட்டை மாடிக்கு ஏறிவிடுகிறார் என்று கேள்விப்பட்டேன். வலி இருப்பவர் செய்யும் காரியம் இல்லை அது. உயிர்மேல் ஆசை இருப்பவர் செய்வது. இங்கே நான் நலமில்லை. என் நலத்தைப் பற்றி நீ விசாரிக்கப் போவதில்லை என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

"என்னடா ஆச்சு பாப்பா விஷயம்?" என்று இருபத்து மூன்று நாளில் நாற்பத்தோரு தடவை கேட்டுவிட்டாய். நானும் நாற்பத்தோரு தடவை "அது என்னன்னாக்கா..." என்று ஆரம்பித்தேன். அந்த "என்னன்னாக்கா"வைத் தாண்டி ஒரு சொல் பேச நீ என்னை விட்டதில்லை. ஆகையால் எழுதுகிறேன். காகிதத்தை நடுவில் மறித்துப் பேச உன்னாலும் முடியாது. கிழித்துப் போடலாம், அதை உத்தேசித்து ஒரு நகலை அத்தானுக்குத் தனி உறையில் அனுப்புகிறேன்.

முப்பத்தோரு வருஷம் வெளியுறவு அமைச்சகத்தின் ஆவண அறையில் தூசி குடித்தவனுக்கு எதையும் முதல் தாளிலிருந்து சொன்னால்தான் கை ஓடும். முதல் தாள் உன் கடிதம். நம் பாப்பாவுக்கு முதல் வெளிநாட்டுப் பணியிடம் ஒதுக்கப் போகிறார்கள். பெற்ற உனக்கும் மாமன் எனக்கும்தான் அவள் பாப்பா. அரசாங்கத்துக்கு அவள் இருபத்தேழு வயதான, தேர்வெழுதித் தேறி, என் அமைச்சகத்திலேயே ஓராண்டு பயிற்சி முடித்த அதிகாரி. பார்த்தால் நான் எழுந்து நிற்க வேண்டிய பதவி. அவள் "உக்காருங்க மாமா" என்று சொன்ன பிறகுதான் உட்காருகிறேன். அவளைப் பக்கத்திலேயே எங்காவது போட வைக்க வேண்டும், மாமன் என்று ஒருவன் அங்கே எதற்குத்தான் இருக்கிறான் என்பது உன் கோரிக்கை. கோரிக்கை ஒரு வரி. விளக்கம் ஒன்பது பக்கம். மூன்று தொலைக்காட்சிச் செய்திகளையும் எதிர்வீட்டுக்காரியையும் கலந்தாலோசித்து நீ எழுதிய அந்த ஒன்பது பக்கத்தில், பூமியில் நீ திட்டாத கண்டம் பென்குயின்கள் இருக்கிற அந்த ஒன்று மட்டும்தான்.

"வடக்கே மட்டும் அனுப்பிடாதே. அங்க ஆறு மாசம் சூரியனே வராதாம். நம்ம பாப்பா உடம்புக்கு ஆகவே ஆகாது. அதுவும் அந்த ஊர்க்காரங்க மூஞ்சியப் பாத்தா கோவமா இருக்காங்களா, குளிருல இருக்காங்களான்னே தெரிய மாட்டேங்குது" என்று எழுதியிருந்தாய். "மேற்கே வேண்டாம். நல்லாத்தான் பேசுவாங்க. ஆனா வீட்டுக்கு வாங்கன்னா நாள் பாத்துச் சொல்றேம்பாங்க. அங்க போனது எதுவும் திரும்பி வந்ததே இல்ல. நம்ம பாப்பாவும் வராது" என்று எழுதியிருந்தாய். "கிழக்கே அந்தப் பக்கத்து நாடு போதும்டா. ரெண்டு மணி நேரம். காலையில கிளம்புனா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ப் பாப்பாவப் பாத்துடலாம். சண்டைன்னாலும் பக்கத்துல இருந்தே போட்டுக்கலாம்" என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய். கடைசியாக, "தெற்குக் கடல்ல ஏதோ தீவு தீவா இருக்காமே, அதப் பத்திப் பேச்சே எடுக்காதே" என்று ஒரே வரி. பேனா காகிதத்தைக் குத்திக் கிழித்திருந்தது.

இப்போது கேள். எங்கள் அமைச்சகத்தில் சொந்தக்காரருக்காகப் பரிந்து பேசுவது, பகை நாட்டுக்கு அலமாரிச் சாவியைக் கொடுப்பதை விடப் பெரிய குற்றம். அதற்காகச் சும்மா இருந்துவிட முடியுமா? எதிரே நிற்பது நீயாயிற்றே. அங்கேதான் என் முப்பத்தோரு வருஷ அனுபவம் தலை தூக்கியது. வெளியுறவில் கையெழுத்தில்லாத தாள் என்று ஒரு அற்புதப் பிராணி உண்டு. அதற்குத் தலைப்பு கிடையாது, தேதி கிடையாது, முத்திரை கிடையாது, பெற்றவர் பெயர் கிடையாது. ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் ஒன்றைக் கேட்கவும் வேண்டும், கேட்டதாகவும் இருக்கக் கூடாது என்றால் இந்தத் தாளைக் கையில் கொடுத்துவிட்டு மீதியை வாயால் சொல்லிவிட்டு வருவார்கள். எதிராளி முறைத்தால் "எந்தத் தாள்?" என்று வானத்தைப் பார்க்கலாம். எத்தனையோ யுத்தங்களை நிறுத்திய அந்த ஆயுதத்தை உனக்காக எடுத்தேன். உன் ஒன்பது பக்கத்தை ஒரு பக்கமாகச் சுருக்கி, அரசாங்க நடையில் மாற்றி, தட்டச்சு செய்து, யார் கையில் சிக்கினாலும் நம் குடும்ப விஷயம் என்று தெரியக் கூடாதே என்று, பாப்பா வருகிற இடத்தையெல்லாம் தேடித் தேடி நீக்கிவிட்டேன். யாருக்கு எந்த நாடு என்று பட்டியல் போடும் பணியிட அதிகாரி என் பழைய சிநேகிதர். அவர் கையில் தாளைக் கொடுத்து, பாப்பா பெயரை வாயால் சொல்லிவிடுவதாகத் திட்டம்.

அக்கா, உன் கடிதத்திலிருந்து பாப்பாவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று ஒரு நிமிஷம் நான் யோசித்திருக்க வேண்டும். மிஞ்சுவது நாலு திசைகளுக்குமான வெளியுறவுக் கொள்கை.

பணியிட அதிகாரி அன்றைக்கென்று விடுப்பு. அவருடைய தம்பி மனைவிக்குப் பல்வலியாம். தாளை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். அவர் அலுவலகத்தில் ஒரு எழுத்தர், சல்லடை என்று பெயர். எதையும் சலிக்காமல் விடமாட்டார். எங்கள் வழக்கப்படி, ஒரு தாளில் கையெழுத்து இல்லையென்றால் அது கையெழுத்தே தேவைப்படாத அளவுக்குப் பெரிய ஒருவர் எழுதியது. அதைக் கீழே வைத்திருக்கக் கூடாது, மேலே அனுப்ப வேண்டும். சல்லடை அனுப்பினார். மேலே இருந்தவர் இன்னும் மேலே அனுப்பினார். காலையில் தரைத்தளத்தில் இருந்த தாள், நான் மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவுவதற்குள் ஏழாவது மாடியில் செயலாளரின் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. என் விடுப்புக் கடிதம் ஒன்று இரண்டாம் மாடிக்கு ஏற நாலு மாதம் ஆனது. கையெழுத்துப் போட்டதுதான் நான் செய்த தப்பு.

அந்தக் கூட்டம் சாதாரணக் கூட்டமில்லை. அடுத்த ஐந்து வருஷத்துக்கு எந்தத் திசை நாடுகளோடு எப்படிப் பழகுவது என்று முடிவு செய்ய, நாலு பிரிவுத் தலைவர்களும் பதினோரு மாதமாக அடித்துக்கொண்டிருந்த கூட்டம். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்க வரைவு ஒன்று இருந்தது. தூக்கி வந்து மேசைமேல் வைத்தால் கட்டடமே ஒரு பக்கம் சாயும். அதில் எல்லாத் திசையும் முக்கியம் என்று எழுதியிருந்தது. யார் வீட்டுக்கு முதலில் போவது என்று மட்டும் எழுதவில்லை. அந்த நேரத்தில் உள்ளே வந்தது நம் தாள். செயலாளர் படித்தார். "மேற்கு: பேச்சு இனிமையானது. அழைத்தால் நாள் பார்த்துச் சொல்வதாகக் கூறுவர். அங்கே சென்றது எதுவும் திரும்பியதில்லை." படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். "முப்பது வருஷமா நான் சொல்ல நினைச்சு, சொல்ல வராம முழிச்சது இதுதான்யா" என்றாராம். அமைச்சர்தான் எழுதியிருக்க வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டு அமைச்சரைப் பாராட்டினார். செயலாளர்தான் எழுதியிருக்க வேண்டும் என்று அமைச்சர் நினைத்துக்கொண்டு செயலாளரைப் பாராட்டினார். இருவரும் தன்னடக்கமாகச் சிரித்துக்கொண்டார்கள். சிரித்த பிறகு யாராலும் மறுக்க முடியவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம் என் அலமாரிக்கு வந்து சேர்ந்தது. உன் ஒரு பக்கம் நாட்டின் கொள்கையாகிவிட்டது.

புதுக் கொள்கையை வெளியிடும் முன், அதை நாலு திசைத் தூதர்களுக்கும் தனித்தனியாகக் காட்டி முகம் பார்ப்பது வழக்கம். காட்டினார்கள். வடக்குத் தூதர் படித்துவிட்டு, நாங்கள் கோபமாக இல்லை என்பதை நிரூபிக்க, செயலாளர் அறையில் நாற்பது நிமிஷம் தொடர்ந்து சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது தாடை பிடித்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. மேற்குத் தூதர் மூன்று வருஷமாக நாள் பார்த்துச் சொல்வதாகச் சொன்ன விருந்துக்கு அன்றைக்கே நாள் சொல்லி, சொன்ன நாளுக்கு முந்தின நாளே வந்து வாசலில் நின்றார். கிழக்குத் தூதருக்குத் தலைகால் புரியவில்லை. "ரெண்டு மணி நேரத் தூரத்துல இருக்குறவங்க நாங்க. இனிமே சின்ன ஆளையெல்லாம் அனுப்பாதீங்க, பெரிய ஆளா அனுப்புங்க" என்று கேட்டார். கேட்டது கிடைத்தது. கிழக்கே இருந்த தூதரகத்தின் தகுதி ஒரே இரவில் நாலு படி உயர்ந்தது. அக்கா, அந்த வரியின் கீழே இரண்டு கோடு போட்டது நீ. நான் அதைத் தடித்த எழுத்தாக மாற்றினேன், அவ்வளவுதான்.

தீவுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்கடல் தீவுகளின் தூதர் ஒல்லியான, வெள்ளை மீசைக்காரர். ஏழு வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் எங்கள் காத்திருப்பு அறைக்கு வந்து, முன் அட்டை இல்லாத ஒரே பத்திரிகையைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர்கள் நாட்டில் நம் அலுவலகம் ஒற்றை அறை, ஒற்றை நாற்காலி. அந்த நாற்காலியும் ஏழு வருஷமாகக் காலி. அதை நிரப்புங்கள் என்று கேட்க வருவார். "இன்னைக்கு யாரும் பாக்க முடியாது சார்" என்று உள்ளிருந்து யாராவது போய்ச் சொல்வார்கள். நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். அப்படிப்பட்டவரிடம் "தென்கடல் தீவுகள்: அவற்றைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்" என்ற தாளைக் காட்டினால் என்ன ஆகும்? யுத்தம் வரும் என்று நான் என் அறையில் மேசைக்கடியில் இடம் பார்த்து வைத்தேன். அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். கண் கலங்கிவிட்டதாம். "ஏழு வருஷத்துல உங்க காகிதம் ஒண்ணுல எங்க பேரு வர்றது இதுதான் முதல் தடவை" என்றாராம். செயலாளருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பதினாலு நாளுக்குள் அந்த நாற்காலிக்கு ஆள் வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

இதற்கு மேலும் சும்மா இருந்தால் நான் மனுஷனில்லை என்று ஏழாம் மாடிக்குப் போய்ச் செயலாளர் காலில் விழாத குறையாக நின்றேன்.

"ஐயா, அந்தத் தாளை எழுதுனது எங்க அக்கா."

"உங்க அக்கா எந்தத் துறையில இருக்காங்க?"

"எந்தத் துறையிலயும் இல்லைங்கய்யா. வீட்டுலதான் இருக்காங்க."

அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

"இங்க பாருங்க. இதுவரைக்கும் பத்தொம்பது பேர் வந்து அது நான் எழுதுனதுன்னு சொல்லிட்டாங்க. வடக்குப் பிரிவுத் தலைவர் அழுதே காட்டிட்டாரு. அக்கா எழுதுனதுன்னு சொல்றது நீங்க ஒருத்தர்தான். அதனால உங்கள மன்னிக்கிறேன். எழுதுனவர் யாருன்னு தெரிஞ்சா அதைத் திரும்ப வாங்கிக்கணும். திரும்ப வாங்குனா நாலு நாட்டுக்கும் பதில் சொல்லணும். தெரியாம இருக்குறதுதான் அதோட பலமே. போங்க, போய் அலமாரியப் பூட்டுங்க."

"ஐயா, பாப்பா..."

"எந்தப் பாப்பா?"

"ஒண்ணுமில்லைங்கய்யா."

இதோடு விடவில்லை. அந்த மேதை இதற்கு முன் எழுதிய தாள்கள் ஏதாவது ஆவண அறையில் இருக்கிறதா என்று தேடச் சொல்லி எனக்கே உத்தரவு வந்தது. நீ எனக்கு எழுதியவை நிறைய உண்டு. என் கல்யாணத்தின்போது பெண் வீட்டாரைப் பற்றி நீ எழுதிய பதினாலு பக்கம் மட்டும் வெளியே வந்தால் உலகத்தில் ஒரு சமாதான ஒப்பந்தம் நிற்காது. இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பணியிட அதிகாரி விடுப்பு முடிந்து வந்ததும் ஓடினேன். அவர் அறை வாசலில் வரிசை மாடிப்படி வரைக்கும் நின்றது. அத்தனை பேரும் நரைத்த தலை, அத்தனை பேரும் கிழக்கே போக வேண்டும் என்று வந்தவர்கள். உடம்பில் பாதிக்குப் பதக்கம் தொங்கும் ஒருவர், வெயிலில் கருத்த முகத்தோடு, "பேரப்புள்ளைங்களப் பாக்கணும் தம்பி, ரெண்டு மணி நேரம்தானாமே" என்று என்னிடமே சிபாரிசு கேட்டார். என் சிநேகிதர் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "போன மாசம் கேட்டிருந்தா கிழக்க உங்க பொண்ணுக்குத் தங்கத் தட்டுல வச்சுக் குடுத்திருப்பேன். சீந்துவாரில்லாமக் கெடந்த இடம். எவனோ ஒரு பாவி ஒரு தாள எழுதித் தொலைச்சான், இப்ப அங்க பெருக்குற வேலைக்கே பெரிய சிபாரிசு வேணும்." அந்தப் பாவியான நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். "அப்ப நம்ம பாப்பாவுக்கு?" என்றேன். அவர் ஒரு பட்டியலை என் பக்கம் தள்ளினார். பாப்பா பெயருக்கு நேரே தென்கடல் தீவுகள் என்று இருந்தது. இந்தத் தடவை கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் இருந்தன.

அக்கா, கடிதத்தைக் கீழே வை. கொஞ்சம் தண்ணீர் குடி. அத்தான் மாடியில் இருந்தால் இருக்கட்டும்.

இரண்டு விமானம், ஒரு கப்பல், பிறகு ஒரு படகு. ஐந்து நாள் பயணம். அலுவலகத்துக்குக் கதவு ஒன்று, ஜன்னல் ஒன்று, கடல் நாலு பக்கமும். கடிதம் போனால் அலைக்கு மனசு வந்தால் கரை சேரும். எல்லாரிலும் இளையவள், கேட்க நாதியில்லை என்று நினைத்துத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். கேட்க நாதியாக இருந்தவன்தான் தாளை எழுதியவன். பயல்கள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பாப்பாவிடம் இதை நானே போய்ச் சொன்னேன். அவள் குனிந்துகொண்டு, "சரி மாமா, என்ன பண்றது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அந்தப் பிள்ளையின் பொறுமையைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக் காலை மறுபடி ஏழாம் மாடிக்குப் போகிறேன். அந்தத் தாள் என்னுடையது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரையும் குத்தி நீட்டப் போகிறேன். வேலை போனால் போகட்டும். நாலு நாடும் படையெடுத்து வந்தால் வரட்டும், உன் வீட்டு விலாசம் கொடுக்கிறேன். எப்படியும் பட்டியலைக் கலைத்துப் பாப்பாவை இங்கேயே நிறுத்துகிறேன். இது தம்பியாகப் பிறந்தவனின் வாக்கு.

பெரியவளான உன்னிடம் ஆசி கேட்டுத்தான் கடிதத்தை முடிக்க வேண்டும். இப்போதிருக்கும் மனநிலையில் நீ எதைக் கொடுப்பாய் என்று தெரியும், ஆகவே அதை அத்தானிடமிருந்து பெற்றுக்கொள்கிறேன். அவர் முழங்காலுக்கு என் அன்பு. எதிர்வீட்டுக்காரிக்கு, உலக விவகாரங்களில் அவர் காட்டும் அக்கறைக்கு அமைச்சகத்தின் சார்பில் நன்றி.

என்றும் உனக்குக் கீழ்ப்படிந்தே கெட்டுப்போன,
உன் தம்பி

பி.கு.: உறையில் போடப் போன கடிதத்தை வெளியே எடுத்து இதை எழுதுகிறேன். சற்று முன் பாப்பா ஆவண அறைக்கு வந்தாள். தீவுகளின் வரைபடம் வேண்டுமாம். "கவலைப்படாதே, நாளைக்குப் போய் உன் பேரை வெட்ட வச்சிடறேன்" என்று வீரமாகச் சொன்னேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ மாமா, வெட்டிடாதீங்க! நான்தான் கேட்டு வாங்குனேன்" என்றாள். யாருக்காவது தீவுக்குப் போக விருப்பமா என்று சுற்றறிக்கை வந்ததாம். எண்பத்தாறு அதிகாரிகளில் எழுதிக் கொடுத்தது இவள் ஒருத்தியாம். ஏன்டி என்றேன். "வியாழக்கிழமையானா அந்தத் தீவுத் தூதர்கிட்டப் போய் 'யாரும் பாக்க முடியாது சார்'னு சொல்லிட்டு வர்ற வேலை இந்த ஒரு வருஷமா எனக்குத்தான் மாமா. நாப்பத்தஞ்சு தடவை சொல்லிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் எனக்கு நன்றி சொல்றார். அவங்க ஊருல போயி அந்தக் கதவத் திறந்து வச்சிட்டு உக்காரணும் மாமா, யாரு வந்தாலும் பாக்கணும்" என்றாள். வரைபடத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதனால் மேலே கொடுத்த வாக்கை இத்துடன் ரத்து செய்கிறேன். நாளைக்கு நான் எந்த மாடிக்கும் போகவில்லை. உன்னிடம் சொல்லத்தான் அவளுக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை வந்து அவளே சொல்லப் போகிறாள். சொல்லும்போது முதல் தடவை கேட்பது போலக் கேள். கத்துவதாக இருந்தால் என்னை நினைத்துக் கத்து. பிள்ளை காலையில் எதுவும் சாப்பிடாமல்தான் வருவாள். முதலில் தட்டு வை, அவள் சாப்பிட்டுக் கை கழுவட்டும். அதன் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுங்கள்.